ஒப்பந்தத்தை வாசித்த ஆட்டக்காரர்: ஆலன் பேஜும் அமெரிக்கக் கால்பந்தின் உழைப்பு வரலாறும்

1978 அக்டோபரில் மினசோட்டா வைக்கிங்ஸ் அணி தன் தற்காப்பு வரிசை ஆட்டக்காரர் ஒருவரைப் பணியிலிருந்து விடுவித்தது. ஓர் அணி வேண்டாமென்று விட்ட ஆட்டக்காரரை அவருடைய ஒப்பந்தத்தோடு இன்னோர் அணி பெயரளவுக் கட்டணம் செலுத்தி எடுத்துக்கொள்ள லீகின் விதிகள் இடமளித்தன. கட்டணம் 100 டாலர். சிகாகோ பேர்ஸ் அணி அதைச் செலுத்தி அவரை எடுத்துக்கொண்டது. அவர் பெயர் ஆலன் பேஜ். ஏழு ஆண்டுகளுக்கு முன்னர், 1971-இல், அசோசியேட்டட் பிரஸ் வழங்கும் ‘மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர்’ விருதைப் பெற்றவர். தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவருக்கு அவ்விருது கிடைத்தது அதுவே முதன்முறை. 1978-இல்தான் அவர் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டத்தையும் பெற்றார்.

அணி சொன்ன காரணம் எடை. பேஜ் மிகவும் மெலிந்துவிட்டார், எதிரணியின் பெருத்த உடல்களைத் தாங்கி நிற்க அவரால் இனி இயலாது என்பது நிர்வாகத்தின் வாதம். அந்த வாதத்தை முற்றிலும் பொய்யென்று ஒதுக்கிவிட முடியாது. ஆயினும் அந்த எடைக்கணக்குக்குப் பின்னே ஒரு பழைய வழக்கு இருந்தது. ஆட்டக்காரரின் உடலும் காலமும் யாருடையவை, எந்த ஆவணத்தின் பேரால் அவை ஓர் அணிக்குச் சொந்தமாகின்றன என்ற வழக்கு அது. பேஜின் விளையாட்டு வாழ்வு முழுவதும் அதனோடு பிணைந்திருந்தது. விளையாட்டு இதழ்கள் அவரைப் பற்றி எழுதும்போது ‘ஆட்டக்காரராக இருந்து நீதிபதியானவர்’ என்று இரு வாழ்வுகளாகப் பிரித்து எழுதுவது வழக்கம். ஆவணங்களைப் பார்த்தால் அந்தப் பிரிவினை அவ்வளவு தெளிவாக இல்லை.

பேஜ் பிறந்தது 1945 ஆகஸ்ட் 7 அன்று, ஒஹாயோ மாநிலத்தின் கேண்டன் நகரில். எஃகு ஆலைகளின் நகரம் அது. அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக் உருவான இடமும் அதுவே. 1920 செப்டம்பரில் கேண்டனில் ஒரு மோட்டார் வாகனக் காட்சியகத்தில் அணி உரிமையாளர்கள் கூடித் தொடங்கிய அமைப்பே பின்னர் 1922-இல் நேஷனல் ஃபுட்பால் லீக் என்று பெயர் மாற்றம் பெற்றது. தொடக்க ஆண்டுகளில் அங்கு விளையாடிய ஒரு சில கறுப்பின ஆட்டக்காரர்களும் 1934 முதல் 1945 வரை எழுதப்படாத ஓர் உடன்பாட்டால் விலக்கி வைக்கப்பட்டனர். அத்தடை உடைந்தது 1946-இல். அவ்வாண்டு தொழில்முறை ஆட்டத்துக்குள் நுழைந்த நால்வருள் ஒருவரான மேரியன் மாட்லி, கேண்டனில் வளர்ந்தவர். ஆகவே பேஜின் தலைமுறைக் கறுப்பினச் சிறுவர்களுக்குத் தொழில்முறை ஆட்டக்காரர் என்பவர் எட்டாத உருவமல்லர், சொந்த ஊர்க்காரர்.

ஆனால் சிறுவன் பேஜுக்கு அக்கனவு இருந்ததாகத் தெரியவில்லை. 1954-இல் பிரவுன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பளித்தபோது அவருக்கு எட்டு வயது. சட்டத்தால் ஒன்றை மாற்ற முடியும் என்ற எண்ணம் அப்போது விழுந்தது என்று பிற்காலத்தில் பலமுறை கூறியிருக்கிறார். தொலைக்காட்சியில் வந்த பெரி மேசன் என்னும் வழக்கறிஞர் தொடரும் அவ்வெண்ணத்துக்குத் துணைபுரிந்ததாம். எஃகு ஆலைக்குள் செல்லக்கூடாது என்பதே அவருடைய முதல் தீர்மானம். பள்ளிப் பருவத்தின் இறுதியில் அவர் கட்டுமான வேலைக்குச் சென்றார். அங்கே எழும்பிக்கொண்டிருந்த கட்டடம், 1963 செப்டம்பரில் திறக்கப்பட்ட தொழில்முறைக் கால்பந்துப் புகழ் மண்டபம். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து அதே மண்டபத்தில் அவருடைய மார்பளவுச் சிலை வைக்கப்பட்டது. எழுத்தாளர் எவரேனும் கற்பனையாகச் சொல்லியிருந்தால் மிகையென்று தள்ளியிருப்போம்.

நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் அவர் அரசியல் அறிவியல் பயின்றார். 1966-இல் அந்த அணி தேசிய வாகையர் பட்டம் பெற்றது. அப்பருவத்தில் மிச்சிகன் ஸ்டேட் அணியோடு 10–10 என்று சமநிலையில் முடிந்த ஆட்டம் இன்றும் விவாதிக்கப்படுவது. அதில் எதிரணியின் தற்காப்பு வரிசையில் நின்ற பப்பா ஸ்மித் 1967-இல் தொழில்முறை அணிகளின் தேர்வில் முதல்வராக எடுக்கப்பட்டார். பேஜை வைக்கிங்ஸ் பதினைந்தாவதாக எடுத்தது.

‘எடுத்தது’ என்ற வினையை இங்கே சற்று நின்று கவனிக்க வேண்டும். டிராஃப்ட் எனப்படும் இம்முறை 1936 முதல் நடப்பில் உள்ளது. கல்லூரி முடித்த ஆட்டக்காரரை எந்த அணி தேர்வு செய்கிறதோ அந்த அணியோடு மட்டுமே அவர் பேசலாம். தான் பணியாற்ற விரும்பும் ஊரையோ முதலாளியையோ தேர்ந்தெடுக்க அவருக்கு வழியில்லை. 1960 முதல் 1966 வரை இதற்கு ஒரு மாற்று இருந்தது. அமெரிக்கன் ஃபுட்பால் லீக் என்ற போட்டி லீக் அப்போது தோன்றியிருந்தது. இரு லீகுகளும் தனித்தனியே தேர்வு நடத்தியதால் ஒரே இளைஞருக்கு இரண்டு விலைகள் கிடைத்தன, ஊதியம் ஏறியது. 1966-இல் இரண்டும் இணைய முடிவு செய்தன. அவ்விணைப்பு ஏகபோக எதிர்ப்புச் சட்டத்தின் பிடியில் சிக்காதிருக்க அதே ஆண்டின் இறுதியில் அமெரிக்கக் காங்கிரஸ் தனி விலக்கு வழங்கியது. இணைப்புக்குப் பின் நடந்த முதல் பொதுத் தேர்வு 1967-இல். உழைப்பை வாங்குவோர் ஒருவரே என்ற நிலை மீண்ட அந்த முதல் ஆண்டில்தான் பேஜ் தொழிலுக்குள் வந்தார்.

நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டம் வேறு என்பதால், அவருடைய வேலை என்னவென்று சுருங்கச் சொல்லிவிடலாம். அணிக்குப் பதினொருவர். பந்தை வைத்திருக்கும் அணியின் முன்வரிசையில் ஐந்து பெருத்த ஆட்டக்காரர்கள் அரணாக நிற்பர். அவர்களுக்குப் பின்னே குவார்ட்டர்பேக் பந்தை எறிவதற்கு இடம் தேடுவார். எதிரே தற்காப்பு வரிசையில் வழக்கமாக நால்வர், கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து நிற்பர். பந்து அசைந்த கணத்தில் பாய்ந்து அரணை உடைக்க வேண்டும். ஓடி வருபவரை மறிக்க வேண்டும். எறிய முற்படுபவரை எறிவதற்கு முன்பே வீழ்த்த வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு மோதல். ஓர் ஆட்டத்தில் இது ஐம்பது, அறுபது முறை நிகழும். பந்து அவர்கள் கைக்கு வருவதே அரிது. பார்வையாளர் கண் பந்தின் மீதே இருப்பதால் இவர்களைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை.

அவ்வரிசையின் உள்ளிடத்தில் நிற்பவர் ‘டேக்கிள்’. அங்கே எடையே முதல் தகுதி என்பது அக்காலத்துப் பொது நம்பிக்கை. பேஜ் ஏறத்தாழ 245 பவுண்டு எடையுடன் வந்தார்; அவ்விடத்துக்கு அது மிகுதியன்று. அவருடைய ஆற்றல் முதல் அடியில் இருந்தது. எதிரே நிற்பவர் குனிந்த நிலையிலிருந்து நிமிர்வதற்குள் அவர் கடந்து போயிருப்பார். கார்ல் எல்லர், ஜிம் மார்ஷல், கேரி லார்சன் ஆகியோருடன் அவரும் சேர்ந்த நால்வர் வரிசைக்கு, அணிச் சீருடையின் ஊதா நிறத்தை ஒட்டி, ‘ஊதா நிற மனிதரை விழுங்கிகள்’ என்று பொருள்படும் பட்டப்பெயர் வந்தது. 1969-இல் பதினான்கு ஆட்டங்களில் அவ்வணி விட்டுக்கொடுத்தவை மொத்தம் 133 புள்ளிகள், 1971-இல் 139. 1968 முதல் 1976 வரை ஒன்பது ஆண்டுகள் தொடர்ச்சியாகப் பேஜ் புரோ பவுல் ஆட்டத்துக்குத் தேர்வானார். வைக்கிங்ஸ் நான்கு முறை சூப்பர் பவுல் இறுதிக்குச் சென்று நான்கிலும் தோற்றது. மினசோட்டாக்காரர்கள் அதைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேஜ் அதிகம் பேசுவதில்லை.

புள்ளிவிவர வரலாற்றில் ஆர்வமுள்ள மாணவர்களுக்கு இங்கே ஒரு செய்தி. எறிய முற்படும் குவார்ட்டர்பேக்கை வீழ்த்தும் செயலுக்குப் பெயர் ‘சாக்’. லீக் அதை ஆட்டக்காரர் பெயரில் அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியது 1982-இல். பேஜ் ஓய்வு பெற்றது 1981 பருவத்தின் முடிவில். ஆதலால் அதிகாரபூர்வப் பட்டியலில் அவருடைய கணக்கு சுழியம். பின்னாளில் பழைய ஆட்ட அறிக்கைகளையும் படச்சுருள்களையும் கொண்டு எண்ணியவர்களின் எண்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. புகழ் மண்டபத்தின் குறிப்பு 173 என்கிறது, வேறு தொகுப்பு 150-ஐ எட்டவில்லை. வரிசையில் நின்றவர்களின் உழைப்பு எண்ணத்தக்கது என்று லீகுக்குத் தோன்றவே அறுபது ஆண்டுகள் ஆயின. எண்ணப்படாத உழைப்புக்கு ஊதியப் பேச்சில் என்ன எடை இருந்திருக்கும் என்பது தனியே ஆராயத்தக்கது.

இனி ஒப்பந்தம். அக்காலத்து ஆட்டக்காரர் ஒப்பந்தத்தில் ‘விருப்ப உரிமை’ என்றொரு பிரிவு இருந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும், அணி விரும்பினால் மேலும் ஓராண்டு அவரை வைத்துக்கொள்ளலாம். ஆட்டக்காரர் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்தால் அவ்வாண்டு ஊதியத்தை 90 விழுக்காடாகக் குறைக்கலாம். அவ்வாண்டையும் கழித்துவிட்டால் அவர் சுதந்திரர். குறைந்தபட்சம், தாளின்படி சுதந்திரர். 1962-இல் ஆர்.சி. ஓவன்ஸ் என்ற ஆட்டக்காரர் இவ்வழியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பால்டிமோர் அணிக்குச் சென்றார். உரிமையாளர்கள் விழித்துக்கொண்டனர். 1963-இல் ஒரு புதிய விதி வந்தது: அவ்வாறு ஒருவரை எடுத்துக்கொள்ளும் அணி, பழைய அணிக்கு ஈடு தர வேண்டும், இரு அணிகளும் உடன்படாவிட்டால் ஈடு என்னவென்பதை லீகின் ஆணையர் தீர்மானிப்பார். ஆணையர் பீட் ரோசெல் பெயரால் அது ‘ரோசெல் விதி’ எனப்பட்டது. எவ்வளவு விலை கொடுக்க நேரும் என்று முன்கூட்டி அறிய வழியில்லாத பொருளை யார் வாங்குவார்? பெரும்பாலான அணிகள் அவ்வழியில் ஆட்டக்காரர்களை எடுப்பதையே தவிர்த்தன. விதி எவரையும் தடுக்கவில்லை, அச்சம் தடுத்தது.

பேஜ் 1970-இல் தம் அணியின் சார்பில் ஆட்டக்காரர் சங்கப் பிரதிநிதியானார். 1972 முதல் 1975 வரை சங்கத்தின் செயற்குழுவிலும் இருந்தார். சங்கத்தின் செயல் இயக்குநர் எட் கார்வி மினியாபொலிஸ் நகரில் சட்டத் தொழில் பார்த்தவர். சங்கத்தின் பெரும் வழக்குகள் அந்நகரின் கூட்டாட்சி நீதிமன்றத்திலேயே நடந்தன. இதன் விளைவாக, வைக்கிங்ஸ் ஆட்டக்காரர் ஒருவருக்குத் தம் தொழிலின் சட்டச் சண்டை கூப்பிடு தொலைவில் நடந்தது.

1974 ஜூலை 1 அன்று ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். ‘சுதந்திரம் இல்லையேல் கால்பந்து இல்லை’ என்பது முழக்கம். ரோசெல் விதி, டிராஃப்ட், ஆணையரின் ஒருதலைத் தண்டனை அதிகாரம் ஆகியவை நீங்க வேண்டும் என்றனர். ஊதிய உயர்வைவிட இவற்றை முன்னிறுத்தியதே அவ்வேலைநிறுத்தத்தின் தனித்தன்மை; அதுவே அதன் பலவீனமும் ஆயிற்று. விளையாடிப் பணம் பெறும் இளைஞர்களுக்கு என்ன சுதந்திரம் குறைந்துவிட்டது என்று நாளிதழ் வாசகர்கள் கேட்டனர். கல்லூரி நட்சத்திரங்களோடு சிகாகோவில் நடக்கும் ஆண்டுத் தொடக்க ஆட்டம் அவ்வாண்டு கைவிடப்பட்டது என்பதைத் தவிர உரிமையாளர்களுக்குப் பெரிய இழப்பில்லை. புதியவர்களைக் கொண்டு பயிற்சி முகாம்கள் நடந்தன. பழையவர்கள் ஒவ்வொருவராக உள்ளே சென்றனர். ஆகஸ்டில், பதினான்கு நாள் இடைநிறுத்தம் என்ற பெயரில் அனைவரும் பணிக்குத் திரும்பினர். வேலைநிறுத்தம் மீண்டும் தொடங்கவேயில்லை. ஒப்பந்தமும் இல்லை, சந்தாப் பிடித்தமும் இல்லை. சங்கம் ஏறத்தாழ ஓட்டாண்டியாயிற்று.

எஞ்சியது நீதிமன்றம். 1972-இலேயே, சங்கத்தின் தலைவரும் பால்டிமோர் ஆட்டக்காரருமான ஜான் மேக்கியும் வேறு பலரும் ரோசெல் விதிக்கு எதிராக மினியாபொலிஸில் வழக்குத் தொடுத்திருந்தனர். பேஸ்பால் ஆட்டக்காரர் கர்ட் ஃபிளட் அதே ஆண்டில்தான் உச்ச நீதிமன்றத்தில் தோற்றிருந்தார். பேஸ்பாலுக்கு ஏகபோக எதிர்ப்புச் சட்டத்திலிருந்து பழைய விலக்கு ஒன்று இருந்தமையே அவர் தோல்விக்குக் காரணம். கால்பந்துக்கு அவ்விலக்கு இல்லை என்பதை 1957-இல் ராடோவிச் வழக்கு முடிவு செய்துவிட்டது. ராடோவிச்சும் முன்வரிசை ஆட்டக்காரரே. அந்தத் திறந்த கதவின் வழியே மேக்கி வழக்கு நுழைந்தது. ஐம்பது நாட்களுக்கு மேல் நீண்ட விசாரணைக்குப் பின் 1975 டிசம்பரில் நீதிபதி ஏர்ல் லார்சன் விதி சட்டவிரோதம் என்றார். 1976 அக்டோபரில் எட்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அம்முடிவை உறுதி செய்தது. விதி உண்மையான கூட்டுப் பேரத்தின் விளைவு அன்று, ஒரு தரப்பு மற்றதன் மீது சுமத்தியது. ஆகவே தொழிலாளர் உடன்பாடுகளுக்குரிய சட்டப் பாதுகாப்பு அதற்குக் கிட்டாது என்பது தீர்ப்பின் சாரம்.

இழப்பீடு கோரி ஆட்டக்காரர்கள் தொடுத்த இணை வழக்கு அலெக்சாண்டர் வழக்கு. அதன் வாதிகளாகப் பெயர் குறிக்கப்பட்டவர்களில் பேஜும் ஒருவர். தம்முடைய முதலாளிகளுக்கு எதிரான வழக்கில் பெயர் கொடுத்துவிட்டு ஞாயிறுதோறும் அவர்களுடைய சீருடையை அணிந்து அவர் ஆடினார். 1975-இல் மினசோட்டா சட்டக் கல்லூரியில் முழுமையாகச் சேர்ந்தார். தொடக்க ஆண்டுகளில் ஒருமுறை வேறொரு சட்டக் கல்லூரியில் சேர்ந்து சில வாரங்களில் விலகியிருந்தார், இம்முறை விலகவில்லை.

1977-இல் சங்கம் உரிமையாளர்களோடு உடன்பாடு செய்துகொண்டது. நீதிமன்றத்தில் வென்ற சுதந்திரத்தின் பெரும்பகுதியை அது மேசையில் விட்டுக்கொடுத்தது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கணிப்பு. சங்கத்துக்கு அங்கீகாரமும் சந்தாவும் கிடைத்தன; ஆட்டக்காரருக்குப் புதிய வடிவில் பழைய ஈட்டு முறை கிடைத்தது. வெறுங்கையோடு நின்ற ஓர் அமைப்பு உயிர்பிழைக்கத் தேர்ந்த வழி அது. கண்டிப்பது எளிது, அன்றைய கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு வேறு வழி காட்டுவது கடினம்.

இந்தப் பின்னணியில்தான் எடைக்கதை வருகிறது. பேஜின் மனைவி டயான் புகைப்பழக்கத்தை விடுவதற்காக ஓடத் தொடங்கினார்; கணவரும் உடன் ஓடினார். அவர் விட்டுவிட்டுத் தொடரவில்லை, நெடுந்தூர ஓட்டக்காரராகவே மாறிவிட்டார். எடை 225 பவுண்டை ஒட்டி இறங்கியது. பயிற்சியாளர் பட் கிராண்ட் ஒழுங்கை உயிராகக் கொண்டவர். மினசோட்டாவின் உறைகுளிரிலும் களத்தோரத்தில் கணப்பு வைக்க அனுமதிக்காதவர். அவருடைய நோக்கில் வரிசை ஆட்டக்காரரின் உடல் ஒரு கருவி. கருவிக்குரிய எடை இருக்க வேண்டும். பேஜின் நோக்கில் அது தன் உடல். ஆட்டம் முடிந்த பின்னும் நாற்பது ஆண்டுகள் அதனுள் வாழ வேண்டும். 1977-இல் அவர் புரோ பவுலுக்குத் தேர்வாகவில்லை என்பதும் உண்மை, வயது முப்பத்திரண்டைத் தாண்டிவிட்டது என்பதும் உண்மை. சங்கப் பணியும் சட்டப் படிப்பும் அணிக்கு உவப்பாக இருந்திரா என்று ஊகிக்கலாமேயன்றி, விடுவிப்புக்கு அவையே காரணம் என்று நிறுவ முடியாது. 

ஆனால் சிகாகோ ஏன் 100 டாலர் செலுத்தியது என்பதற்கு விடை உண்டு. அவ்வாண்டு சிகாகோவின் தலைமைப் பயிற்சியாளராகியிருந்த நீல் ஆம்ஸ்ட்ராங், அதற்கு முன் வைக்கிங்ஸ் தற்காப்பை நடத்தியவர். (நிலவில் நடந்தவர் வேறு.) தற்காப்புப் பயிற்சியாளர் பட்டி ரயன், 1976, 1977 ஆண்டுகளில் வைக்கிங்ஸ் தற்காப்பு வரிசையைப் பயிற்றுவித்தவர். பேஜை நாள்தோறும் பக்கத்தில் நின்று பார்த்த இருவர், எடை ஒரு பொருட்டன்று என்று முடிவு செய்தனர். பேஜ் அங்கே 1981 வரை ஆடினார். 1979-இல் முழு மாரத்தான் ஓடி முடித்தார். லீகில் ஆடிக்கொண்டே அதைச் செய்த முதல் ஆட்டக்காரர் அவர். ஓய்வு பெற்றபோது பதினைந்து பருவங்களில் 218 ஆட்டங்கள், ஒன்றும் தவறவிடாமல். ஆட்டப் பருவத்துக்கு வெளியே மினியாபொலிஸில் ஒரு சட்ட நிறுவனத்தில் பணியாற்றினார். மேக்கி வழக்கை நடத்திய நிறுவனம் அதுவே.

1988-இல் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டபோது, மரபுப்படி தம்மை அறிமுகம் செய்யப் பழைய பயிற்சியாளரையோ சக ஆட்டக்காரரையோ அவர் அழைக்கவில்லை. மினியாபொலிஸ் பள்ளி முதல்வர் வில்லரீன் பீஸ்லி என்பவரை அழைத்தார். ஏற்புரையில் ஆட்ட நினைவுகள் குறைவு. அணிக்கூட்டம் ஒன்றில் உத்திக் கையேட்டை உரக்க வாசிக்கச் சொன்னபோது, கல்லூரிப் படிப்பைக் கடந்து வந்த சக ஆட்டக்காரர்களில் சிலரால் வாசிக்க இயலாததைக் கண்டதாக அங்கே சொன்னார். தம் கல்வி அறக்கட்டளையை அவர் அதே ஆண்டில் நிறுவினார். அதன் உதவித்தொகை பெறும் கல்லூரி மாணவர்கள் இளைய பள்ளிச் சிறார்களோடு நேரம் செலவிட்டு வழிகாட்ட வேண்டும் என்பது நிபந்தனை. வாசிக்கத் தெரியாதவர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களில்தான் விருப்ப உரிமைப் பிரிவு இருந்தது என்பதை நினைத்துக்கொண்டால், பள்ளி முதல்வரை அழைத்ததன் பொருள் விளங்கும்.

நீதிபதி பதவியும் வழக்காடியே கிடைத்தது. மினசோட்டாவில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் வாக்காளர்களால் தேர்ந்தெடுக்கப்பட வேண்டியவர்கள். நடைமுறையில், நீதிபதி இடையில் விலகுவார், ஆளுநர் வேறொருவரை நியமிப்பார், அவர் பதவியில் இருப்பவராகத் தேர்தலைச் சந்திப்பார். 1992-இல் லாரன்ஸ் யெட்கா என்ற நீதிபதியின் பதவிக்காலத்தை ஆளுநர் ஆர்னி கார்ல்சன் ஓய்வூதியக் காரணம் காட்டி நீட்டித்தார். அதனால் அவ்வாண்டு அவ்விடத்துக்குத் தேர்தல் இல்லை என்றாயிற்று. மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தில் பணிபுரிந்துகொண்டிருந்த பேஜ் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். உச்ச நீதிமன்ற நீதிபதிகள் தம் சக நீதிபதி குறித்த வழக்கை விசாரிக்காமல் விலகிக்கொள்ள, அமர்த்தப்பட்ட தனி அமர்வு தேர்தல் நடத்தப்பட வேண்டும் என்றது. நவம்பரில் அவர் வென்றார். அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி.

அதற்கு இரு மாதங்கள் முன்பு, 1992 செப்டம்பரில், மினியாபொலிஸ் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஜூரி ஒன்று, ஆட்டக்காரர்களின் இடமாற்றத்தைக் கட்டுப்படுத்திய புதிய விதிகளும் சட்டத்துக்கு முரணானவை என்று தீர்ப்பளித்திருந்தது. அதைத் தொடர்ந்து வந்த வழக்கு தற்காப்பு வரிசை ஆட்டக்காரர் ரெஜி வைட் பெயரில் அமைந்தது; 1993-இல் அதன் சமரசத்தின் வழியாகவே உண்மையான இடமாற்றச் சுதந்திரம் லீகுக்குள் வந்தது. வைட் அவ்வாண்டு நான்காண்டு ஒப்பந்தத்தில் 1.7 கோடி டாலருக்கு கிரீன் பே அணிக்குச் சென்றார். பேஜ் 100 டாலருக்குக் கைமாறிப் பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

நீதிபதியாக அவர் இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றினார். 2008 செனட் தேர்தலில் நார்ம் கோல்மன், அல் ஃபிராங்கன் இருவருக்குமிடையே சில நூறு வாக்குகளே வேறுபாடாக இருந்தபோது, தவறாக நிராகரிக்கப்பட்ட அஞ்சல் வாக்குகளை இரு வேட்பாளர்களும் உடன்பட்டால் மட்டுமே எண்ணலாம் என்று நீதிமன்றம் 3–2 என்ற கணக்கில் ஆணையிட்டது. பேஜ் மாறுபட்டார். தகுதியுள்ள வாக்காளரின் வாக்கைக் கட்சிகளின் விருப்புக்கு விடுவதா என்பது அவர் எழுப்பிய ஆட்சேபம். ஒருவருடைய உரிமை மூன்றாமவர்களின் உடன்பாட்டைப் பொறுத்ததாக அமைவதை ரோசெல் விதியின் காலத்தில் வாழ்ந்தவர் எளிதில் அடையாளம் கண்டிருப்பார். 2015 ஆகஸ்டில் எழுபது வயது நிறைந்தமையால் சட்டப்படி ஓய்வு பெற்றார்.

2017-இல் மினியாபொலிஸில் ஒரு நடுநிலைப் பள்ளி அவர் பெயரை ஏற்றது. முன்பு அது, 1862 போரின்போது டகோட்டா பழங்குடியினரை ஒழிக்கவோ விரட்டவோ வேண்டும் என்று அறைகூவிய ஆளுநர் அலெக்சாண்டர் ராம்சியின் பெயரைத் தாங்கியிருந்தது. மாற்றக் கோரி இயங்கியவர்கள் அப்பள்ளியின் மாணவர்கள்.

2020 ஜனவரியில் பேஜும், மினியாபொலிஸ் கூட்டாட்சி ரிசர்வ் வங்கியின் தலைவரான, காஷ்மீர வழிவந்த நீல் காஷ்கரியும், மினசோட்டா அரசியலமைப்பின் கல்விப் பிரிவைத் திருத்த முன்மொழிந்தனர். 1857-இல் எழுதப்பட்ட அப்பிரிவு, பொதுவான, ஒரே சீரான பள்ளி அமைப்பை உருவாக்குவதைச் சட்டமன்றத்தின் கடமையாக்குகிறது. தரமான பொதுக் கல்வியைப் பெறுவது ஒவ்வொரு குழந்தையின் அடிப்படை உரிமை என்று அதை மாற்ற வேண்டும் என்பது முன்மொழிவு. மிகக் கடுமையாக எதிர்த்தது மாநிலத்தின் ஆசிரியர் சங்கம். ‘ஒரே சீரான’ என்ற சொல்லை நீக்கினால் பொதுப் பணம் தனியார் பள்ளிகளுக்குச் செல்ல வழி பிறக்கும் என்றது அச்சங்கம். ஒரு காலத்தில் சங்கப் பிரதிநிதியாக முதலாளிகளின் ஆவணத்தை எதிர்த்து நின்ற மனிதர், எழுபத்து நான்கு வயதில், வேறொரு சங்கத்தின் எதிரில் அமர்ந்து, ஒரு பிரிவின் ஒரு சொல்லைப் பற்றி வாதிட்டுக்கொண்டிருந்தார்.